ஓட்டையெல்லாம் 'ஹோல்' இல்லை
வாசகர் கேள்வி – பதில்

எலிக்கு வளை, கிளிக்குப் பொந்து, பாம்புக்குப் புற்று. யாரும் சொல்லித் தராமலே இப்படிப் பிரித்துப் பேசுகிறோம். சட்டையில் பொத்தல், சுவரில் விரிசல், கதவோரம் இடுக்கு என்பதிலும் நாம் தடுமாறுவதில்லை. ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் மட்டும் 'ஹோல்', 'கேப்' என்ற இரண்டைக் கொண்டே எல்லாவற்றையும் ஓட்டிவிடப் பார்க்கிறோம். இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இதைப் பற்றியவை என்பதால், அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: ஹோல், கேப், ஓப்பனிங் மூன்றுக்கும் அகராதியில் துவாரம், இடைவெளி, திறப்பு என்று மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்கள். வேலியில் ஆடு நுழைகிற அளவுக்கு வழி இருக்கிறது என்று எழுத எதைப் போடுவது?

பதில்: மூன்றையுமே போடலாம். ஆனால் படிப்பவர் மனத்தில் மூன்று வெவ்வேறு வேலிகள் எழும்.

கம்பிவலை வேலியில் வலை அறுந்துபோய், சுற்றிலும் வலை இருக்க நடுவில் மட்டும் வழி விழுந்திருந்தால் அது ஹோல். வரிசையாக நட்ட பலகைகளில் ஒன்று விழுந்து, இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றும் நிற்க நடுவே வெளிச்சம் தெரிந்தால் அது கேப். ஆள் போய்வரட்டும் என்றே அந்த இடத்தில் வேலி போடாமல் விட்டிருந்தால் ஓப்பனிங்.

ஆடு நுழைகிற வெறுமை மூன்றிலும் ஒன்றுதான். சொல்லை மாற்றுவது அதைச் சுற்றி நிற்கும் பொருள். எனவே சொல் தேடும்போது காலியாக இருப்பதைப் பார்த்துக்கொண்டிருக்காமல், அதன் ஓரத்தைப் பாருங்கள். ஒரே பொருள் எல்லாப் பக்கமும் வளைத்துக்கொண்டிருக்கிறதா? ஹோல். தொடர்ச்சி அறுந்து இரண்டு கரைகள் தெரிகின்றனவா? கேப். ஓரம் எப்படியிருந்தாலும் உள்ளே போக, வெளியே வர ஒரு வழி என்பதுதான் முக்கியமா? ஓப்பனிங்.

ஹோல் மறுபக்கம் வரை போயாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தரையில் தோண்டிய குழியும் ஹோல், காகிதத்தில் குத்திய துளையும் ஹோல். கேப் அப்படியல்ல, அதற்கு இரண்டு பக்கம் வேண்டும். லண்டன் சுரங்க ரயிலில் 1968 முதல் ஒலிக்கும் 'மைண்ட் த கேப்' எச்சரிக்கையில் ஒரு கரை ரயில் பெட்டி, மறு கரை நடைமேடை. அங்கே ஹோல் என்ற சொல் பொருந்தவே பொருந்தாது. வயது, வருமானம், அறிவு போன்றவற்றில் கேப் வருவதும் இதனால்தான்: இரண்டு நிலைகள், நடுவே தொடர்பில்லாத வெளி.

வினைச்சொல்லை மாட்டிப் பார்த்தாலும் வேறுபாடு தெரியும். கேப்பை 'பிரிட்ஜ்' செய்யலாம், 'நேரோ' செய்யலாம், 'குளோஸ்' செய்யலாம். பாலம் கட்ட இரண்டு கரை வேண்டும் என்பதால் 'பிரிட்ஜ் த ஹோல்' என்று யாரும் எழுதுவதில்லை. ஹோலை 'ஃபில்' செய்வார்கள், துணியானால் 'பேட்ச்' செய்வார்கள்.

கட்டட வரைபடத்தில் கதவுக்கும் ஜன்னலுக்கும் விடும் இடத்தை ஓப்பனிங் என்றே குறிப்பார்கள். சுவரில் ஹோல் என்றால் அடைக்கக் கொத்தனார் வர வேண்டும். ஓப்பனிங் என்றால் சட்டம் மாட்டத் தச்சர் வர வேண்டும்.

கேள்வி: 'ஹோல் ஆன் மை ஷர்ட்' என்று எழுதியதை ஆசிரியர் அடித்து 'இன்' என்று திருத்தினார். ஓட்டை சட்டையின் மேல்தானே இருக்கிறது?

பதில்: திருத்தியது சரி. கறை சட்டையின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதனால் 'ஸ்டெய்ன் ஆன் த ஷர்ட்'. ஓட்டை ஒட்டிக்கொண்டில்லை, சட்டைத் துணியிலேயே ஒரு பகுதி போய்விட்டது, அதனால் 'ஹோல் இன் த ஷர்ட்'. தமிழில் 'சட்டையில் கறை', 'சட்டையில் ஓட்டை' என்று இரண்டுக்கும் ஒரே 'இல்' போதும் என்பதால் வரும் குழப்பம் இது. கிராக், டென்ட், லீக், டேர் எல்லாமே 'இன்'தான். சுவரில் விரிசல் 'கிராக் இன் த வால்', சுவரில் படம் 'பிக்சர் ஆன் த வால்'.

டென்ட் என்பது ஓட்டை அல்ல, நசுங்கல். கார் கதவு உள்வாங்கியிருக்கிறது, தகடு கிழியவில்லை என்றால் டென்ட். விபத்துக் காப்பீட்டுப் படிவத்தில் இதை ஹோல் என்று எழுதினால் தகடு பொத்துப்போனதாக ஆகிவிடும்.

கேள்வி: 'இடம் இருக்கிறதா?' என்பதை 'இஸ் தேர் எனி பிளேஸ்?' என்று கேட்பது தவறா?

பதில்: தவறு, நம்மவர்கள் மிக அதிகமாகச் செய்யும் தவறும் இதுதான். 'இடம்' என்ற ஒரு சொல் ஆங்கிலத்தின் நான்கைந்து சொற்களைச் சுமக்கிறது.

பிளேஸ் என்பது சுட்டிக்காட்டக்கூடிய ஓர் இடம்: இந்த மூலை, அந்த ஊர், சாவி மாட்டும் ஆணி. கொள்ளளவைப் பற்றிப் பேசும்போது அது உதவாது. பெட்டிக்குள் இன்னொரு புத்தகம் கொள்ளுமா என்று கேட்க 'ரூம்' அல்லது 'ஸ்பேஸ்': 'இஸ் தேர் ரூம் ஃபார் ஒன் மோர் புக்?' இந்த ரூமுக்கு முன்னால் 'எ' வராது, பன்மையும் கிடையாது. 'எ ரூம்' என்று போட்ட நிமிடமே அது நாலு சுவருள்ள அறையாகிவிடும். 'தேர் இஸ் நோ ரூம்' என்றால் இடமில்லை. 'தேர் ஆர் நோ ரூம்ஸ்' என்றால் விடுதியில் அறைகள் இல்லை.

ரூமுக்கும் ஸ்பேஸுக்கும் உள்ள வித்தியாசம் நுட்பமானது. எதற்காகவோ தேவைப்படும் இடம் ரூம். அதனால்தான் அதன் பின்னால் பெரும்பாலும் 'ஃபார்' வரும், அல்லது 'டு' சேர்த்த வினை வரும்: 'ரூம் ஃபார் இம்ப்ரூவ்மென்ட்', 'ரூம் டு டர்ன்'. ஸ்பேஸ் அளக்கக்கூடிய வெளி. வண்டி நிறுத்தும் ஒரு கட்டம் 'எ பார்க்கிங் ஸ்பேஸ்', இரண்டு எழுத்துகளுக்கு நடுவே விடுவது 'எ ஸ்பேஸ்', படிவத்தில் பெயர் எழுத விட்டது 'த ஸ்பேஸ் புரொவைடட்'. இந்த மூன்றிலும் ரூம் வராது.

பேருந்தில் உட்கார இடம் என்றால் 'சீட்'. நிற்பதற்காவது இடமுண்டா என்றால் 'ரூம்'. வீடு கட்டப் போகும் இடம் 'சைட்' அல்லது 'பிளாட்'. பட்டியலில் ஒருவருக்குக் கிடைக்கும் இடம் மட்டும் 'பிளேஸ்': கல்லூரியில் இடம் கிடைத்தது, போட்டியில் 2-ஆம் இடம்.

கேள்வி: எம்ப்டி, வேக்கன்ட், பிளாங்க், ஹாலோ நான்கும் காலிதானே?

பதில்: நான்கும் காலிதான். எது இல்லாததால் காலி என்பதில் ஒவ்வொன்றும் வேறு.

எம்ப்டி என்றால் உள்ளே பொருள் இல்லை. வேக்கன்ட் என்றால் ஆள் இல்லை. 'வேக்கன்ட் ஹவுஸ்' என்று விளம்பரம் செய்த வீட்டில் கட்டில், பீரோ எல்லாம் இருக்கலாம். குடியிருப்பவர் மட்டும் இல்லை. 'எம்ப்டி ஹவுஸ்' என்றால் ஒரு நாற்காலிகூட இல்லாத வீடு என்றே பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். விமானக் கழிப்பறைக் கதவில் 'வேக்கன்ட்' என்று தெரிவதன் காரணமும் அதுவே. உள்ளே ஆளில்லை, போகலாம். வேலைக்கான காலியிடம் 'வேக்கன்சி' ஆனதும் இதே கணக்கு: நாற்காலியும் மேசையும் இருக்கின்றன, உட்கார ஆள் இல்லை.

எழுத்தோ படமோ ஒலியோ இல்லாதது பிளாங்க்: பிளாங்க் பேப்பர், பிளாங்க் செக். காகிதத்துக்கு 'எம்ப்டி' பொருந்துவது அரிது.

ஹாலோ மட்டும் தனி இனம். அது நிலைமையைச் சொல்வதில்லை, அமைப்பைச் சொல்கிறது. குழாய் என்றால் பிறவியிலேயே ஹாலோ. தண்ணீர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஹாலோ. நிறைகுடம்கூட ஹாலோதான், எம்ப்டி அல்ல. கட்டட வேலையில் 'ஹாலோ பிளாக்' என்பார்கள். அதன் உள்ளறைகளில் கம்பி நிறுத்திக் கான்கிரீட் ஊற்றி நிரப்பிய பிறகும் அந்தக் கல்லின் பெயர் ஹாலோ பிளாக்கே. பெயர்ச்சொல்லாக 'எ ஹாலோ' என்றால் மரப்பொந்து, உள்ளங்கைக் குழிவு, நிலத்தில் தாழ்ந்த பகுதி.

இதே வரிசையில் வாய்டு, வேக்யூம் இரண்டையும் தமிழில் வெற்றிடம் என்கிறோம். காற்றும் இல்லாதபடி வெளியேற்றியது வேக்யூம். வெந்நீர்க் குடுவையின் இரட்டைச் சுவர்களுக்கு நடுவே இருப்பது அது. நிரம்பியிருக்க வேண்டிய ஒன்றில் நிரம்பாமல் விட்டுப்போனது வாய்டு. கான்கிரீட் ஊற்றும்போது சரியாகக் குத்தி அதிரவைக்காவிட்டால் உள்ளே காற்று நின்று வாய்டு உண்டாகும். அதற்குள் காற்று இருப்பதால் அதை வேக்யூம் என்று எழுதினால் பொறியாளருக்குத் தலைசுற்றும்.

கேள்வி: பல் மருத்துவரிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டியிருக்கிறது. 'ஹோல் இன் டூத்' என்றால் புரியுமா? பிற மருத்துவ அறிக்கைகளிலும் ஃபிஷர், ஃபிஸ்டுலா, சைனஸ் என்று வருவது குழப்புகிறது.

பதில்: புரியும். ஆனால் ஒரே வாயில் ஐந்து வகை வெறுமை இருக்க முடியும் என்பதால் சரியான சொல்லைச் சொல்வது நல்லது.

சொத்தை அரித்து உண்டான குழி கேவிட்டி. அந்த நோயின் பெயர் கேரீஸ். நோய் கேரீஸ், அது விட்டுச்சென்ற பள்ளம் கேவிட்டி. இரண்டு பற்களுக்கு நடுவே உள்ள சந்து கேப். கடித்ததில் ஓரம் சிதறி விழுந்திருந்தால் சிப். விழாமல் கோடு மட்டும் ஓடியிருந்தால் கிராக். பல்லைப் பிடுங்கிய பிறகு எலும்பில் மிஞ்சும் குழி சாக்கெட். அந்தக் குழியில் உறையும் இரத்தக் கட்டி கரைந்தோ பெயர்ந்தோ போனால் எலும்பு வெளித்தெரிந்து, பிடுங்கிய சில நாட்களில் கடும் வலி தொடங்கும். அதுதான் டிரை சாக்கெட். முதல் நாள் உறிஞ்சுகுழலில் குடிக்க வேண்டாம், வேகமாகக் கொப்பளிக்க வேண்டாம் என்று சொல்வது அந்தக் கட்டியைக் காப்பாற்றத்தான்.

ஃபிஷர் என்பது வெடிப்பு: தோலோ உள்தோலோ நீளவாக்கில் கிழிந்த புண். ஃபிஸ்டுலா என்பது வழி: இருக்கக் கூடாத இடத்தில் இரண்டு பரப்புகளை இணைத்து உண்டான சுரங்கம். ஆசனவாயில் வரும் ஃபிஸ்டுலாவுக்குத் தமிழில் பௌத்திரம் என்ற பழைய பெயர் உண்டு. அங்கேயே வரும் ஃபிஷர் ஆசனவாய் வெடிப்பு. இரண்டையும் மொத்தமாக மூலம் என்று மொழிபெயர்த்துவிடும் தவறு அறிக்கைகளில் தென்படுகிறது. மூலம் இரத்தநாள வீக்கம், அது திறப்பே அல்ல. சிகிச்சையும் மூன்றுக்கும் வேறு என்பதால் இங்கே சொல் பிசகினால் நோயாளிக்குத்தான் கேடு.

அறுவை மருத்துவர் எழுதும் சைனஸ், ஒரு முனை மட்டும் திறந்த குருட்டுச் சுரங்கம்; இரு முனையும் திறந்தால் ஃபிஸ்டுலா. முகத்தில் உள்ள சைனஸ் வேறு: மூக்கைச் சுற்றி எலும்புக்குள் இருக்கும் காற்றறைகள், 4 ஜோடி. 'எனக்கு சைனஸ் இருக்கிறது' என்று சொல்வதில் தகவல் ஏதுமில்லை, எல்லோருக்கும் இருக்கிறது. அது வீங்கி அழற்சி கண்டால் சைனசைட்டிஸ்.

கேள்வி: பட்டறையில் வரைபடத்தைத் தமிழாக்கித் தொழிலாளர்களுக்குக் கொடுக்கிறோம். கிளியரன்ஸ், டாலரன்ஸ், கேப் மூன்றையும் இடைவெளி என்று எழுதலாமா?

பதில்: கூடாது. டாலரன்ஸ் இடைவெளியே அல்ல. ஓர் அளவு எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்ற அனுமதி. 20 மி.மீ. தண்டு 19.98 முதல் 20.00 வரை இருக்கலாம் என்றால் டாலரன்ஸ் 0.02. அது ஒரே தண்டைப் பற்றிய பேச்சு. கிளியரன்ஸுக்கு இரண்டு பாகங்கள் வேண்டும்: துளை 20.05, தண்டு 19.99 என்றால் கிளியரன்ஸ் 0.06 மி.மீ. உரசாமல் ஓட வேண்டும் என்பதற்காகவே விட்டது அது. வண்டியின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் உள்ள கிரவுண்ட் கிளியரன்ஸும் அப்படியே, தட்டாமல் போக விட்ட உயரம்.

கேப் பொதுச்சொல். வேண்டுமென்று விட்டதும் கேப், பொருத்தம் கெட்டு விழுந்ததும் கேப். ஸ்பார்க் பிளக்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ளது கேப். இயந்திரத்தைப் பொறுத்துப் பெரும்பாலும் 0.6 முதல் 1.1 மி.மீ. வரை. இந்த இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜின் தகடு லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும். கேப் கூடினால் பொறி தாவாமல் இயந்திரம் தவறும். குறைந்தால் பொறி வலுவிழக்கும்.

துளைகளையும் பிரித்தே எழுதுங்கள். மறுபக்கம் வரை போவது த்ரூ ஹோல், நடுவில் நிற்பது பிளைண்ட் ஹோல். பிளைண்ட் ஹோலுக்கு ஆழம் குறிக்காமல் விடக் கூடாது. 'கிளியரன்ஸ் ஹோல்' என்பதை 'இடைவெளித் துளை' என்று மொழிபெயர்த்தால் யாருக்கும் விளங்காது. போல்ட் மரையில் மாட்டாமல் தாராளமாக உள்ளே போகும் துளை அது. எம்6 (6 மி.மீ. விட்டமுள்ள) போல்ட்டுக்கு வழக்கமான கிளியரன்ஸ் ஹோல் 6.6 மி.மீ.; அதே போல்ட்டுக்கு மரை வெட்டப்போகும் துளை 5 மி.மீ. பெயர் மாறினால் 5 போட வேண்டிய இடத்தில் 6.6 போட்டுவிடுவார்கள், பிறகு அந்த இடத்தில் எம்6 மரை வெட்டவே முடியாது. 'தாராளத் துளை', 'மரைத் துளை' என்று எழுதுவதே எங்கள் பரிந்துரை.

கேள்வி: ஸ்லாட், ஸ்லிட் எப்படிப் பிரிப்பது?

பதில்: இரண்டும் நீளமாய் ஒடுங்கியவை. ஏதோ ஒன்று உள்ளே நுழைய அதன் அளவுக்கே வெட்டியது ஸ்லாட்: நாணயம் போடுவது, அட்டை செருகுவது, திருகாணித் தலையில் திருப்புளி உட்காரும் பள்ளம். கத்தியால் கீறியதுபோல் இருப்பது ஸ்லிட். ஓரங்கள் ஒன்றையொன்று தொடும் அளவுக்கு ஒடுக்கம். பாவாடையின் பக்கவாட்டு வெட்டு ஸ்லிட், இடுங்கிய கண் ஸ்லிட். தாமஸ் யங் பெயரால் அறியப்படும் ஒளிச் சோதனை 'டபுள் ஸ்லிட்'. நுழைவது ஒளி மட்டுமே என்பதால் அங்கே ஸ்லாட் பொருந்தாது. நேரத்துக்கு ஸ்லாட் என்பது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். அட்டவணையில் ஒரு வேலை செருகும் அளவுக்கு விட்ட இடம்.

கைபேசியை எடுத்துப் பாருங்கள். சார்ஜர் மாட்டுவது போர்ட், பழைய மாடலில் ஹெட்ஃபோன் கம்பி மாட்டுவது ஜாக், சிம் அட்டைக்கு ஸ்லாட். சிம் தட்டை வெளியே தள்ளக் குத்தும் புள்ளி மட்டும் ஹோல். அதேபோல் இன்னொரு நுண்துளை பெரும்பாலும் கீழ் விளிம்பில் இருக்கும், அது மைக். ஊசியை அங்கே குத்தினால் மைக் பழுதாகலாம். தட்டின் விளிம்புக் கோட்டை ஒட்டியிருக்கும் துளைதான் சிம்முக்கு உரியது.

கேள்வி: கிரெவிஸ், கிரெவாஸ் எழுத்துப்பிழையா, இரு சொற்களா?

பதில்: இரு சொற்கள். பாறையிலோ சுவரிலோ விரல் நுழையும் இடுக்கு கிரெவிஸ். பனிப்பாறை ஆற்றில் ஆளையே விழுங்கும் பிளவு கிரெவாஸ்; அதன் ஆழம் பல பத்து மீட்டர் போகும். மலையேறுபவர்கள் கயிற்றால் பிணைத்துக்கொண்டு நடப்பது கிரெவாஸுக்குப் பயந்து. துப்புரவுக் கருவியோடு வரும் ஒடுங்கிய மூக்கு 'கிரெவிஸ் டூல்'.

கேள்வி: ஓசோன் ஹோலில் உண்மையிலேயே ஓட்டை இருக்கிறதா?

பதில்: இல்லை. அன்டார்டிகாவுக்கு மேல் ஓசோன் அளவு 220 டாப்சன் அலகுக்குக் கீழே மெலியும் பகுதிக்கு அந்தப் பெயர். அதன் கண்டுபிடிப்பு 1985-இல் வெளியானது. 'ஓசோன் மெலிவு' என்று எழுதினால் பொருள் சரியாகும். ஆனால் 'ஓசோன் துளை' நிலைத்துவிட்டதால், முதல் முறை வரும்போது ஒரு வரி விளக்கம் சேர்த்தால் போதும்.

கேள்வி: சட்டத்தில் உள்ள ஓட்டையை 'ஹோல் இன் த லா' என்று எழுதலாமா?

பதில்: 'லூப்ஹோல்' என்றால் சட்டத்தின் சொற்களை மீறாமலே அதன் நோக்கத்திலிருந்து நழுவிப்போக உதவும் வழி. சட்டம் ஒன்றைப் பற்றிப் பேசவே மறந்திருந்தால் அது 'கேப்'. வழக்கறிஞர்கள் 'லக்குனா' என்பார்கள். லூப்ஹோலுக்குப் பயனடைபவர் ஒருவர் இருப்பார், லக்குனாவில் அப்படி யாரும் இல்லாமலும் போகலாம். சட்டத்தை மீறுவது 'பிரீச்'. கோட்டைச் சுவரை இடித்து உண்டாக்கிய உடைப்புக்கும் பிரீச் என்றே பெயர்.

லூப்ஹோலும் கோட்டையிலிருந்து வந்த சொல். உள்ளிருந்து அம்பு எய்யச் சுவரில் விட்ட ஒடுங்கிய துளைக்கு அந்தப் பெயர். பழந்தமிழில் அதற்கு ஏப்புழை என்ற சொல் இருந்தது. ஏ என்றால் அம்பு, புழை என்றால் துளை. சட்டத்தின் லூப்ஹோலை ஏப்புழை என்று மொழிபெயர்க்கச் சொல்லவில்லை, இன்று யாருக்கும் புரியாது. 'சட்டத்தின் சந்து' என்று சிலர் எழுதுகிறார்கள், அது நன்றாகவே இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதும்போது 'ஃபில் த லூப்ஹோல்' என்று போடாதீர்கள். 'குளோஸ்' அல்லது 'பிளக்'. லக்குனாவுக்கும் கேப்புக்கும்தான் 'ஃபில்'.